நுரையீரல் பாதிப்பின் தீவிரத்தை ஸ்கேன் எண் மட்டும் சொல்லிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொரோனா தொற்று சற்றே தலைதூக்கும்போதெல்லாம் "நுரையீரலில் 40 சதவீதம் பாதிப்பு", "நுரையீரலில் பாதி போய்விட்டது" என்பன போன்ற வாசகங்கள் செய்திகளிலும் குடும்பங்களின் பேச்சிலும் மறுபடியும் புழங்கத் தொடங்குகின்றன. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொரு நம்பிக்கையும் சேர்ந்திருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயையோ சிடி ஸ்கேனையோ கணினியில் ஏற்றிவிட்டால், எந்த நோயாளிக்கு நோய் முற்றும், யாருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் என்பதைச் செயற்கை நுண்ணறிவு முன்கூட்டியே சொல்லிவிடும் என்பதே அது. அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளின் அலைகளையும் வார்டுக்குள் நின்று பார்த்தவன். அந்த அனுபவத்தையும் அதன்பின் வெளிவந்த ஆய்வுகளையும் வைத்து, கொரோனா நோயாளியின் நுரையீரல் பாதிப்பு எவ்வளவு தீவிரமாகும் என்பதை எப்படிக் கணிக்க முடியும், எப்படிக் கணிக்க முடியாது என்பது பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தச் சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். வலது நுரையீரலில் மூன்று, இடது நுரையீரலில் இரண்டு என நமக்கு ஐந்து நுரையீரல் மடல்கள் உள்ளன. கதிரியக்க மருத்துவர் சிடி படத்தில் ஒவ்வொரு மடலையும் கண்ணால் பார்த்து, அதில் எவ்வளவு பரப்பில் நிழல் படிந்திருக்கிறது என்று மதிப்பிடுகிறார். 5 சதவீதத்துக்கும் குறைவு என்றால் 1 மதிப்பெண்; 5 முதல் 25 சதவீதம் வரை 2; அதற்கு மேல் பாதி வரை 3; பாதிக்கு மேல் முக்கால் வரை 4; முக்காலையும் தாண்டினால் 5. ஐந்து மடல்களின் மதிப்பெண்களையும் கூட்டினால் அதிகபட்சம் 25 வரும். பெரும்பாலான ஸ்கேன் மையங்கள் 8 வரை லேசானது, 15 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் தீவிரமானது என்று எழுதிக் கொடுத்தன.

இந்த மதிப்பெண்ணை நான்கால் பெருக்கிச் சதவீதம் ஆக்குவதில்தான் பெரும் பிழை நேர்கிறது. ஒருவருடைய ஐந்து மடல்களிலும் தலா 6 சதவீதப் பரப்பில் மட்டும் நிழல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மடலுக்கு 2 வீதம் அவருக்குக் கிடைக்கும் மதிப்பெண் 10. 25-க்கு 10 என்றால் நூற்றுக்கு 40. நுரையீரலில் உண்மையாகப் பாதிக்கப்பட்டது 6 சதவீதம். வீட்டாரிடம் சொல்லப்படுவது 40 சதவீதம். இன்னொருவருக்கு ஐந்து மடல்களிலும் தலா 24 சதவீதம் நிழல் இருந்தாலும் அதே 10 மதிப்பெண்தான், அதே "40 சதவீதம்"தான். நான்கு மடங்கு வேறுபாடுள்ள இரு நோயாளிகள் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். இது போதாதென்று, ஐந்து மடல்களும் ஒரே அளவானவை அல்ல. வலது நுரையீரலின் நடுமடல் மற்ற நான்கையும்விடச் சிறியது. ஆனால் அது முழுவதும் பாதிக்கப்பட்டாலும், அதைவிட மிகவும் பெரிய கீழ்மடல் முழுவதும் பாதிக்கப்பட்டாலும் கிடைப்பது அதே 5 மதிப்பெண்தான். நிழலின் அடர்த்தியையும் இந்த எண் கணக்கில் கொள்வதில்லை. மெல்லிய பனிமூட்டம் போலப் படர்ந்திருக்கும் நிழலும், காற்றறைகள் முற்றிலும் நிரம்பி இறுகிப்போன பகுதியும் பரப்பளவில் ஒன்றாக இருந்தால் மதிப்பெண்ணும் ஒன்றுதான். மருத்துவர்கள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வகுத்துக்கொண்ட ஒரு தோராயமான அளவுகோல், அச்சிட்ட அறிக்கையில் ஏறியதும் அரும்பெரும் துல்லியம் கொண்டதாகிவிட்டது.

இதே அறிக்கைகளில் கோ-ராட்ஸ் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். 2020-இல் நெதர்லாந்துக் கதிரியக்க மருத்துவர்கள் வகுத்த முறை அது. படத்தில் தெரிவது கொரோனாவாக இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதை மட்டுமே அது சொல்கிறது. நோயின் கடுமையைச் சொல்வதில்லை. "கோ-ராட்ஸ் 5" என்று படித்துவிட்டு நோய் கடைசிக் கட்டத்தை எட்டிவிட்டதாக எண்ணி, காய்ச்சலும் இருமலும் மட்டுமே உள்ளவரை அழைத்துக்கொண்டு படுக்கை தேடி ஊர் ஊராக அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு அடியில் அதன் பொருளைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தாலே அந்த அலைச்சல் நேர்ந்திருக்காது.

அடுத்தது காலக் கணக்கு. வூகான் நகரில் நோயின் தொடக்கக் காலத்திலேயே 21 நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், அறிகுறி தொடங்கி ஏறக்குறைய பத்தாம் நாளில் நுரையீரல் மாற்றங்கள் உச்சம் தொடுவதைக் கண்டார்கள். அப்படியென்றால் மூன்றாம் நாளில் எடுத்த ஸ்கேனில் 25-க்கு 4 என்று வருவது ஆறுதலுக்குரிய செய்தியாகாது. பன்னிரண்டாம் நாளில் 14 என்று வருவது அச்சத்துக்குரியதும் ஆகாது. முதலாமவர் இனிமேல்தான் ஏற வேண்டியவராக இருக்கலாம்; இரண்டாமவர் இறங்கத் தொடங்கியவராக இருக்கலாம். ஆனால் காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாளில் படம் எடுக்கப்பட்டது என்பதைக் குறித்த ஸ்கேன் அறிக்கை என் கைக்கு வந்தது அரிதிலும் அரிது. நாள் தெரியாத மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கணிக்க முடியாது.

படத்தில் நிழல் இருந்தால் உடலுக்கு ஆபத்து என்பதும் அப்படியே சரியாகிவிடாது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலின் தொற்றாளர்களில் 104 பேருக்குச் சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. அவர்களில் 76 பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அந்த 76 பேரில் 41 பேரின் நுரையீரலில் நிழல் தெரிந்தது. சளி, காய்ச்சல், மூச்சுத்திணறல் எதுவுமின்றி நடமாடியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் படத்தில் "பாதிப்பு" இருந்தது என்பதே இதன் பொருள். அதே நேரத்தில், படத்தில் சிறிதளவே நிழல் உள்ள சிலருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்திருப்பதையும் உலகெங்கும் மருத்துவர்கள் கண்டார்கள். இந்த நோய் காற்றறைகளை மட்டும் தாக்குவதில்லை. அவற்றைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களையும் தாக்கி, அங்கே இரத்தம் உறையச் செய்கிறது. நுரையீரலுக்குள் காற்று வந்து போனாலும், அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துச்செல்ல வேண்டிய இரத்த ஓட்டம் சீர்குலைந்திருந்தால் சாதாரணச் சிடி படம் அதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இரண்டாம் அலையின்போது எங்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்த இருவர் இன்றும் நினைவில் இருக்கிறார்கள். ஒருவருடைய அறிக்கையில் 25-க்கு 17. கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறைக் காற்றிலேயே ஆக்சிஜன் அளவு 95. நோய் தொடங்கிப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது. மற்றவருக்கு அறிக்கையில் 7 தான். ஐந்தாம் நாளில் எடுத்த படம் அது. நான் பார்த்தபோது எட்டாம் நாள். "எனக்கு ஒன்றும் இல்லை டாக்டர், ஸ்கேனில் லேசுதான் என்று போட்டிருக்கிறது" என்று சொன்னவர், அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். ஒரு நிமிடத்துக்கு 32 முறை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் வெளியே பிளாஸ்டிக் உறையில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உறவினர்களில், 17 எண்ணுக்குரியவரின் மகன்தான் அழுதுகொண்டிருந்தார். 7 எண்ணுக்குரியவரின் தம்பி நிம்மதியாக இருந்தார்.

தீவிரத்தைச் சரியாகக் கணிப்பது எதற்காக என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது. பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு மருந்து உயிர்காக்கும் என்று 2020 ஜூன் மாதம் அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்தோரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 41.4 சதவீதம், இந்த மருந்தும் பெற்றவர்களில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் அது 26.2-இலிருந்து 23.3 ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு மருந்தால் பயன் ஏதும் இல்லை. அவர்களில் மருந்து பெறாதோரில் 14 சதவீதமும் மருந்து பெற்றோரில் 17.8 சதவீதமும் இறந்தார்கள். இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றாலும், கேடு விளைந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை அது எழுப்பியது. ஆக, மருந்து யாருக்கு வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஆக்சிஜன் தேவைதான். ஸ்கேன் மதிப்பெண் அந்த ஆய்வின் எந்தப் பிரிவிலும் இடம்பெறவில்லை.

நம் நாட்டில் நடந்தது என்ன? 2021 ஏப்ரல், மே மாதங்களில், ஆக்சிஜன் அளவு 97, 98 என்று இருந்தவர்களுக்கும் ஸ்கேனில் 9 வந்துவிட்டது, 11 வந்துவிட்டது என்பதற்காகவே நோயின் நான்காம் ஐந்தாம் நாளிலேயே ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது. அதுவும் பல இடங்களில் பரிந்துரைக்கப்பட்ட 6 மில்லிகிராம் அளவைவிடப் பன்மடங்காக. சர்க்கரை நோய் மிகுந்த நம் மக்களுக்கு இதன் விளைவு என்ன என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் இறுதிக்குள் நாடெங்கும் கருப்புப் பூஞ்சை நோயாளிகளின் எண்ணிக்கை 40,000-ஐத் தாண்டியது. கண்ணை இழந்தவர்களும் மேல்தாடையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் அதன் முதன்மைக் காரணங்களுள் அடங்கும். ரெம்டெசிவிருக்காகக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் இரவும் பகலும் வரிசையில் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் தமிழகமே பார்த்தது. அந்த மருந்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. ஸ்கேன் அறிக்கையில் இருந்த எண் ஏற்படுத்திய அச்சம் அந்த வரிசையை நீளச் செய்ததில் எனக்கு ஐயமில்லை.

அதே 2021 மே மாதத் தொடக்கத்தில், லேசான நோய் உள்ளவர்கள் ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா கேட்டுக்கொண்டார். ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமமான கதிர்வீச்சு கொண்டது என்றார். நவீனக் கருவிகளில் அது 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்று கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் உடனே மறுத்தது. கதிர்வீச்சு எவ்வளவு என்ற அந்தச் சர்ச்சையில், இந்த ஸ்கேனால் சிகிச்சையில் எதை மாற்றப்போகிறோம் என்ற அடிப்படைக் கேள்வி அடிபட்டுப்போனதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

ஸ்கேன் தேவையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியின் நிலை காரணம் புரியாமல் மோசமாகும்போதும், நுரையீரல் தமனியில் இரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும், கொரோனாவோடு காசநோயோ வேறு கிருமித் தொற்றோ சேர்ந்திருக்கிறதா என்று அறியவும் அதற்கு ஈடான கருவி இல்லை. மதிப்பெண் மிக உயர்ந்திருப்பவர்கள் பொதுவாக அதிகம் துன்பப்படுகிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் பொதுவாக ஒரு கூட்டத்துக்குப் பொருந்துவது, எதிரே படுத்திருக்கும் ஒருவருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

அப்படியானால் எதை வைத்துக் கணிப்பது? இதற்கு இதுவரை கிடைத்துள்ள விடைகளில் எனக்கு மிகவும் நம்பகமாகப் படுவது, பிரிட்டனின் 260 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டு 2020 செப்டம்பரில் வெளியான 4சி இறப்பு மதிப்பெண் ஆகும். 35,463 பேரின் விவரங்களைக் கொண்டு அதை உருவாக்கினார்கள். பிறகு வேறு 22,361 பேரிடம் அது பலிக்கிறதா என்று சோதித்தார்கள். அதில் கேட்கப்படுபவை எட்டே விவரங்கள்: வயது, பாலினம், இணைநோய்களின் எண்ணிக்கை, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, சுயநினைவு தெளிவாக உள்ளதா, இரத்தத்தில் யூரியா, சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம். மொத்த மதிப்பெண் 21. அதில் 80 வயதைக் கடந்தவருக்கு வயதுக்காக மட்டுமே 7 கிடைத்துவிடுகிறது. 3 வரை பெற்றவர்களில் இறந்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். 15-ம் அதற்கு மேலும் பெற்றவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். இந்த எட்டில் எக்ஸ்ரேயும் இல்லை, ஸ்கேனும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதே குழுவினர் பின்னர் நோய் முற்றுவதைக் கணிக்க வகுத்த இன்னொரு மதிப்பெண்ணில் எக்ஸ்ரேக்கு இடம் கொடுத்தார்கள். அங்கும் நிழல் இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி, எத்தனை சதவீதம் என்பதல்ல.

நம் மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதையே எளிமையாகச் சொன்னது. அறைக் காற்றில் ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 வரை இருந்தாலோ, நிமிடத்துக்கு 24 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டாலோ நோய் நடுத்தரமானது. 90-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு 30-ஐத் தாண்டினாலோ தீவிரமானது. உட்கார்ந்திருக்கும்போது 96 என்று காட்டுபவரை ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி, அளவு 94-க்குக் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பதும் பரிந்துரைக்கப்பட்டது. செலவில்லாத சோதனை இது. உட்கார்ந்த நிலையில் மறைந்திருக்கும் குறைபாடு நடந்ததும் வெளிப்பட்டுவிடும்.

இவற்றில் மூச்சின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். ஏனெனில் மருத்துவமனைகளில் மிகவும் அலட்சியமாக எழுதப்படும் எண் அதுதான். எந்த வார்டின் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினாலும் காய்ச்சல் 99.4, 101.2 என்று நோயாளிக்கு நோயாளி மாறும், நாடித்துடிப்பு மாறும், மூச்சு மட்டும் எல்லோருக்கும் 20 என்றே இருக்கும். யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் காரணம். எண்ணுவதற்கென்று ஒரு முறை உண்டு. "மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்ப்பதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையை அவர் மார்பின் மேலேயே வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக அறுபது விநாடிகளுக்கு மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பதினைந்து விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு பிசகினாலும் விடையில் நான்கு பிசகும். அது 24 என்ற எல்லைக்கு இப்புறம் இருப்பவரை அப்புறம் தள்ளிவிடும். கழுத்துத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடுகின்றனவா, மூக்கு விரிகிறதா, ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் சொல்ல முடிகிறதா என்பதும் அந்த ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஒரு செவிலியருக்கு நாற்பது ஐம்பது நோயாளிகளை ஒப்படைத்துவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது என்பதையும் அறிவேன். தீவிரத்தைக் கணிக்கும் கருவிகளுக்குச் செலவிட நிதி இருக்குமானால், அதன் முதல் பங்கு செவிலியர் பணியிடங்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. குளிர்ந்த விரலிலும், நகச்சாயம் பூசிய விரலிலும் அது தவறாகக் காட்டலாம். அதைவிட முக்கியமானது தோலின் நிறம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி இரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பர்களில் 11.7 சதவீதம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது. கறுத்த தோல் நம் மக்களில் பெரும்பாலோருக்கு உண்டு. ஆகவே கருவி 94 காட்டுகிறது, ஆனால் நோயாளி திணறுகிறார் என்றால், கருவியை ஒதுக்கிவிட்டு நோயாளியைத்தான் நம்ப வேண்டும்.

இனி, கணினியின் கணிப்புக்கு வருகிறேன். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் எக்ஸ்ரே, சிடி படங்களைக் கொண்டு கொரோனாவைக் கண்டறியவும் அதன் போக்கைக் கணிக்கவும் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டுரைகளை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழுவொன்று ஆராய்ந்து, 2021 மார்ச் மாதம் முடிவை வெளியிட்டது. முதற்கட்டத் தேடலில் கிடைத்த 2,212 கட்டுரைகளில் தரத் தேர்வைத் தாண்டியவை 62. அந்த 62-இல் நோயாளியிடம் பயன்படுத்தத் தக்கதாக ஒன்றுகூட இல்லை. காரணங்கள் படிப்பினை தருபவை. பல குழுக்கள் கொரோனா இல்லாதவர்களின் படங்களாக, ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரே தொகுப்பைப் பயன்படுத்தியிருந்தன. கொரோனா நோயாளிகளோ பெரியவர்கள். கணினி கற்றுக்கொண்டது குழந்தையையும் பெரியவரையும் பிரித்தறிய மட்டுமே. வேறு சிலவற்றில், நோய் முற்றியவர்களுக்குப் படுத்த நிலையிலும் மற்றவர்களுக்கு நின்ற நிலையிலும் படம் எடுக்கப்பட்டிருந்தது. படுத்திருப்பதையே தீவிரத்தின் அடையாளமாகக் கணினி எடுத்துக்கொண்டது. படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதை அதன் ஓரத்தில் உள்ள எழுத்தைக் கொண்டு ஊகித்து விடை சொன்னவையும் உண்டு.

படங்கள் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். வூகானின் ஒரு மருத்துவமனையிலிருந்த 485 நோயாளிகளின் இரத்தப் பரிசோதனைகளைக் கொண்டு, எல்.டி.எச்., லிம்போசைட், சி.ஆர்.பி. ஆகிய மூன்றே அளவுகளால் யார் பிழைப்பார் என்பதைப் பத்து நாட்களுக்கு முன்பே 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட துல்லியத்துடன் சொல்ல முடியும் என்று 2020 மே மாதம் அறிவிக்கப்பட்டது. நெதர்லாந்து, பிரான்ஸ், நியூயார்க் மருத்துவர்கள் தத்தம் நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது அந்தத் துல்லியம் கிட்டவில்லை. ஓர் ஊரின் நோயாளிகளிடம் பிறந்த சூத்திரம் இன்னோர் ஊரில் பொய்த்துப்போவது இத்துறையில் வழக்கமாக நடப்பதுதான். வயது வேறு, இணைநோய் வேறு, மருத்துவமனைக்கு வரும் நாள் வேறு, கிடைக்கும் சிகிச்சை வேறு. கிருமியும் அதே கிருமி அல்ல. ஒமைக்ரான் மூச்சுக்குழாய்த் திசுவில் பழைய வகைகளைவிட ஏறத்தாழ 70 மடங்கு வேகமாகப் பெருகுகிறது, நுரையீரல் திசுவிலோ வெகு குறைவாகவே பெருகுகிறது என்று ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 டிசம்பரிலேயே காட்டினார்கள். தடுப்பூசியும் முந்தைய தொற்றும் பெற்ற மக்களிடம், தடுப்பூசி வருமுன் வகுத்த மதிப்பெண்கள் ஆபத்தை மிகைப்படுத்திக் காட்டவே வாய்ப்பு அதிகம். நான் மேலே பாராட்டிய 4சி மதிப்பெண்ணுக்கும் இது பொருந்தும்.

எனவே கணிப்பு முறை எதுவாயினும், அது நம் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டதா என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இது நம்மால் முடியாத காரியமும் அல்ல. காசநோயாளிகளின் இறப்பைக் குறைக்க 2022-இல் தமிழக அரசு, தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனத்துடன் இணைந்து தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். நோய் கண்டறியப்பட்ட உடனேயே, எடையும் உயரமும், காலில் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்து, ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தறிந்து உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் பணியாளரே செய்துவிடக்கூடியது. பின்னர் நம் மாநிலக் காசநோயாளிகளின் விவரங்களைக் கொண்டே இறப்பின் வாய்ப்பைக் கணிக்கும் முறையும் உருவாக்கப்பட்டது. காசநோய்க்குச் செய்தது கொரோனாவுக்கும், இன்ஃபுளுயன்சா போன்ற மற்ற வைரஸ் நிமோனியாக்களுக்கும் செய்யப்பட வேண்டும்.

அதற்கான மூலப்பொருள் நம்மிடமே இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார், மதுரை, கோவை என்று தொடங்கி மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை, 2020-21இல் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் மூட்டை மூட்டையாக ஆவண அறைகளில் கிடக்கின்றன. சேர்ந்த நாள், நோயின் எத்தனையாவது நாள், வயது, சர்க்கரை அளவு, ஆக்சிஜன், இரத்த உறைவைக் காட்டும் டி-டைமர், ஸ்கேன் மதிப்பெண், கடைசியில் வீடு திரும்பினாரா இல்லையா என்ற அனைத்தும் அவற்றில் உள்ளன. ஸ்கேன் மதிப்பெண் உண்மையில் எவ்வளவு தூரம் சரியாகக் கணித்தது, நடைச் சோதனை எவ்வளவு கணித்தது என்பதை நம் மக்களைக் கொண்டே அறிய இதைவிட நல்ல வாய்ப்பு இனி வராது. காலாவதியான ஆவணங்கள் என்று கூறி அவை கழிக்கப்படுவதற்கு முன், பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு அவற்றைக் கணினியில் ஏற்றி, மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுக்குத் திறந்துவிடும்படி மக்கள் நல்வாழ்வுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேன் மையங்களுக்கும் துறை ஓர் ஆணை பிறப்பிக்கலாம். நோயின் எத்தனையாவது நாளில் படம் எடுக்கப்பட்டது என்பது அறிக்கையின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். 25-க்கான மதிப்பெண்ணைச் சதவீதமாக மாற்றி எழுதக் கூடாது. கோ-ராட்ஸ் எண்ணின் பொருளைத் தமிழில் விளக்க வேண்டும். எக்ஸ்ரேயைப் படிக்கும் மென்பொருளை எந்த மருத்துவமனை வாங்கினாலும், எந்த நாட்டில், எந்த வயதினரிடம், எந்த ஆண்டில் அது சோதிக்கப்பட்டது என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் பெற்றுப் பொதுவில் வைக்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இனி எவருடைய உடல்நிலையைப் பற்றிச் செய்தி வெளியிடும்போதும் "நுரையீரலில் இத்தனை சதவீதம் பாதிப்பு" என்று எழுதுவதைத் தவிர்த்து, ஆக்சிஜன் உதவி தேவைப்படுகிறதா, நோய் தொடங்கி எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டை மட்டும் மருத்துவமனையிடம் கேட்டு வெளியிடுமாறு தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.